‘ஆறு விழுங்கிய மணி’: நம்ம ஊர் ஆற்றில் ஒரு புதையலும் ஒரு காதலும்

புதையல் தேடும் கதை, அதில் இரண்டு போட்டியாளர்கள், அந்த இரண்டு பேருக்குள்ளும் காதல் என்று சொன்னாலே பாதிப் பேர் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரி நாவல்களில் போட்டி பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும், மூன்றாவது அத்தியாயத்தில் முறைத்துக்கொள்வார்கள், ஐந்தாவதில் மழையில் ஒரே குடைக்குள் நிற்பார்கள், அதோடு புதையலை எழுதியவரே மறந்துவிடுவார். ‘ஆறு விழுங்கிய மணி’யில் போட்டி கடைசி வரைக்கும் நிஜம். ஒருத்தர் ஜெயித்தால் இன்னொருத்தருக்கு உண்மையாகவே ஏதோ பறிபோகிறது: பணம், வேலை, வீட்டில் இருந்த மரியாதை, ஒரு இடத்தில் உயிரே போகப் பார்க்கிறது. அப்படி ஒருவரை ஒருவர் நோகடித்த பிறகு வருகிற அன்பு என்பதால் அதை நம்ப முடிகிறது. இந்த நாவலை நான் தூக்கி வைத்துக் கொண்டாடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், கதை நடப்பது நம்ம ரங்கூனில். பர்மா என்றாலே தமிழ்க் கதைகளில் 1942-ல் காட்டு வழியாக நடந்து போனவர்கள் வருவார்கள், இல்லாவிட்டால் வட்டிக்கடைச் செட்டியார் வருவார், தேக்கும் நெல்லும் வரும். அந்தக் கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் குடும்பத்திலும் நடந்து போனவர்கள் உண்டு. ஆனால் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள், வீட்டுக்குள் ஒரு பெயரும் வெளியில் ஒரு பர்மியப் பெயருமாக வாழ்கிறவர்கள், இவர்களை வைத்து யாராவது ஒரு விறுவிறுப்பான கதை சொல்ல மாட்டார்களா என்று நெடுநாளாக ஏங்கியவர்களில் நானும் ஒருத்தி.

தேடப்படும் புதையல் தம்மசேதி மணி. ரங்கூனில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பகோவில் இருந்து ஆண்ட மோன் அரசர் தம்மசேதி 1484-ல் ஷ்வேடகோன் பகோடாவுக்குக் காணிக்கையாக வார்த்துக் கொடுத்தது. எடை 1,80,000 வீசை என்று சொல்கிறார்கள், இன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 294 டன். மாண்டலே பக்கம் போனால் எல்லோரும் பார்க்கிற மிங்குன் மணி 90 டன், அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 1583-ல் இங்கே வந்த காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகைக்கல் வியாபாரி அந்த மணியை நேரில் பார்த்து, மேலிருந்து கீழ்வரை எழுத்துகள் பொறித்திருக்கின்றன, படிக்கத்தான் ஆள் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் 1608-ல் ஃபிலிப் தெ பிரித்தோ, அதாவது பள்ளிக்கூடத்தில் ஙஸிங்கா என்று படித்தோமே அந்தப் போர்த்துகீசியர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியத்தில், அதாவது இன்றைய தன்லினில், கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தவர், பீரங்கி வார்ப்பதற்காக அந்த மணியைப் பெயர்த்தெடுத்தார். குன்றிலிருந்து உருட்டி, யானைகளை வைத்து இழுத்து, பஸுண்டாங் ஓடைக்குக் கொண்டுவந்து, தெப்பத்தில் ஏற்றித் தன் கப்பலோடு கட்டினார். ஓடையும் பகோ ஆறும் ரங்கூன் ஆறும் சேருகிற இடத்தில் தெப்பம் உடைந்தது, மணி உள்ளே போனது, போகும்போது கப்பலையும் இழுத்துக்கொண்டு போனது. இன்று மங்கி பாயிண்ட் என்று சொல்கிற இடத்துக்குப் பக்கம். அன்றைக்குப் போன மணி இன்னும் வெளியே வரவில்லை. எத்தனையோ பேர் தேடிவிட்டார்கள், 2014-ல்கூட ஒரு குழு படகுகளோடு இறங்கியபோது கரையில் கூட்டம் கூடி நின்றது.

இவ்வளவு பெரிய கதை நம்ம வாசலிலேயே கிடக்கும்போது, புதையல் கதை எழுதுகிறவர்கள் எங்கெங்கோ தீவுகளைத் தேடிப் போகிறார்களே என்று எனக்கு எப்போதும் ஆதங்கம்.

நாவலில் நாயகி தன்லினைச் சேர்ந்த தமிழ்ப் பெண். பீலிக்கான் கோவிலில் தீமிதி பார்த்து வளர்ந்தவள். தாத்தா சம்பான்காரர், டலாவுக்கும் பான்ஸோடான் துறைக்கும் நடுவே ஆயுசு முழுக்கத் துடுப்புப் போட்டவர். அவர் விட்டுப்போன ஒரு பழைய நோட்டுப் புத்தகம்தான் அவளுடைய ஆயுதம். அதில் ஆற்றின் ஆழமும் அடிமண்ணும் பௌர்ணமி அமாவாசைக் கணக்கோடு பல வருஷத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. நாயகன் பயிங்ஜி இனத்தவன். 1613-ல் அரசர் அனவுக்பெட்லுன் சிரியத்தைப் பிடித்து தெ பிரித்தோவைக் கழுவேற்றிய பிறகு, பிடிபட்ட போர்த்துகீசியர்களை மேல் பர்மாவுக்குக் கொண்டுபோய் மூ ஆற்றுப் பக்கம் குடியமர்த்தி, அரசரின் பீரங்கிப் படையில் சேர்த்தார்களே, அவர்களுடைய வம்சம். பார்த்தால் பர்மியர், பேசுவதும் பர்மிய மொழி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். ஆக, மணியைத் திருடிய கூட்டத்தின் வழித்தோன்றல் ஒரு பக்கம், எந்த அரசரோடும் சம்பந்தமில்லாமல் ஆற்றை மட்டும் தெரிந்து வைத்திருக்கிற குடும்பத்துப் பெண் மறுபக்கம். அவன் ஒரு பணக்காரக் குழுவுக்குச் சம்பளத்துக்கு வேலை செய்கிறான், சோனார் இருக்கிறது, நல்ல படகு இருக்கிறது. அவளுக்கு மாமாவின் மீன்பிடிப் படகும், இரவல் வாங்கிய மூச்சுக் குழாயும். இந்த ஏற்றத்தாழ்வை நாவல் எங்கேயும் மழுப்பவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஈயக் குண்டு அத்தியாயம். தாத்தா காலத்து முறைப்படி, கயிற்றின் நுனியில் ஈயக் குண்டு, குண்டின் அடியில் ஒரு சின்னக் குழி, அந்தக் குழியில் கொழுப்பை அப்பி ஆற்றில் விடுகிறாள். குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தளர்கிறது, அதில் முடிச்சுகளை எண்ணி ஆழம் பார்க்கிறாள். மேலே இழுத்தால் கொழுப்பில் ஒட்டியிருப்பது அடிமண். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கிறாள். வழவழவென்று போனால் புதுசாகப் படிந்த சேறு, நறநறவென்றால் நீரோட்டம் அரிக்கிற இடம். ஒரே இடத்தில் கடல் நீர் வடிகிற இறக்கத்தின்போது ஒருமுறை, ஏறிவருகிற ஏற்றத்தின்போது ஒருமுறை என்று மாற்றி மாற்றி எடுத்து, விரலை வேட்டித் துணியில் துடைத்துவிட்டு நோட்டில் எழுதுகிறாள். அதைத் தூரத்துப் படகிலிருந்து அவன் பார்க்கிறான். அவனுடைய சோனார் திரையில் ஆற்றடியின் மேல்தோல் மட்டும்தான் தெரிகிறது, நானூறு வருஷத்துச் சேறு அடியில் எப்படிக் கிடக்கிறது என்று அது சொல்லவில்லை. தனக்குத் தெரியாதது ஒன்று அவள் விரல் நுனியில் இருக்கிறது என்று அவனுக்குப் புரிகிற அந்த இடத்தில்தான் காதல் தொடங்குகிறது. அழகு, கண், சிரிப்பு என்று ஒரு வரி கிடையாது. ஒருவர் வேலையை இன்னொருவர் மதிப்பதில் தொடங்குகிற காதலைத் தமிழில் இவ்வளவு பொறுமையாக எழுதி நான் படித்ததில்லை.

அவனுக்கும் சமமான இடம் கொடுத்திருக்கிறார் எழுதியவர். அவனுடைய குழு காந்தமானியை இழுத்துக்கொண்டு ஆற்றில் மேலும் கீழும் போகிறது, ஒன்றும் கிடைப்பதில்லை. ஏன் என்று யோசிக்கிறான். மணி செம்பு கலந்த உலோகம், காந்தமானி இரும்பைத்தான் காட்டும், எத்தனை நூறு டன் வெண்கலம் கீழே கிடந்தாலும் முள் அசையாது. ஆனால் மணியோடு மூழ்கியது ஒரு போர்க்கப்பல். அதில் நங்கூரம் இருந்திருக்கும், ஆணிகள், குண்டுகள் இருந்திருக்கும். மணியைத் தேடாதே, கப்பலைத் தேடு. இந்த யோசனை வருகிற இரண்டு பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அறிவியல் சரியாக இருப்பதோடு, அது அவனுடைய மனசோடும் சேர்கிறது. தன் முன்னோர் ஏறிவந்த கப்பலை அவன் அதுவரைக்கும் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை, வெட்கம். அதைத்தான் இப்போது தேடியாக வேண்டும்.

இனி, அவள் செய்கிற துரோகம். இதைச் சொன்னால் கதை கெட்டுவிடாது, முன்பாதியிலேயே வருகிறது. ரங்கூன் ஆற்றில் ஏற்ற இறக்க வித்தியாசம் பெரிய நாட்களில் ஐந்து மீட்டரைத் தாண்டும், நீரோட்டம் அசையாமல் நிற்கிற கொஞ்ச நேரத்தில்தான் ஆள் இறங்க முடியும். அந்த நேரத்தை அவன் அவளிடம் கேட்கிறான், அவள் வேண்டுமென்றே தள்ளிச் சொல்கிறாள். அவனுக்கு ஒரு நாள் வீணாகட்டும் என்றுதான் அவள் நினைப்பு. ஆனால் அவன் கீழே இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடுகிறது, கயிறு எதிலோ மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடப்பதை நீங்களே படியுங்கள். எனக்குப் பிடித்தது, அவள் மன்னிப்புக் கேட்கிற காட்சியை எழுதியவர் அவசரப்படுத்தவில்லை என்பது. அவள் பஸுண்டாங் டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுகிறாள். அம்மாவிடம் சொல்லப் பார்த்து வேறு எதையோ பேசுகிறாள். அவன் தெரிந்துகொண்ட பிறகும் கத்தவில்லை, அடுத்த வாரம் அவள் தேடுகிற இடத்தில் தன் குழுவின் படகைக் கொண்டுவந்து நிறுத்தி அவளை வெளியேற்றுகிறான். சட்டப்படி அவனிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறது. இருவருமே தப்புச் செய்கிறார்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இதைப் படிக்கும்போது யார் பக்கம் நிற்பது என்று எனக்கே தெரியவில்லை.

ஷ்வேடகோனில் நடக்கும் ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். வடமேற்கு மூலையில் இருக்கிற சிங்கு மின் மணி முன்னால் இருவரும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். 1825-ல் ஆங்கிலேயர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் பார்த்து, அதுவும் ஆற்றில் விழுந்து, அவர்களால் தூக்க முடியாமல் விட்டுவிட, நம்ம ஊர்க்காரர்கள் மூங்கிலைக் கட்டி மிதக்கவைத்து மேலே கொண்டுவந்து பகோடாவிலேயே திரும்ப வைத்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அவள் அதைச் சொல்லி, மணி வெளியே வர நினைத்தால் மூங்கில் போதும் என்கிறாள். அவன் கணக்குப் போடுகிறான்: இது இருபது டன் சொச்சம், அது இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. இருவரும் சண்டை போடுவது எடையைப் பற்றி, ஆனால் உண்மையில் பேசுவது மணி கிடைத்தால் அது யாருடையது என்பதை. அவனுடைய முதலாளிகளுக்கு அதில் கலந்திருப்பதாகச் சொல்லும் தங்கமும் வெள்ளியும்தான் கணக்கு. அவளுக்கு அது கும்பிடுகிற பொருள், பௌத்தரின் காணிக்கையாக இருந்தாலும் அப்படித்தான். நம்ம வீடுகளில் ஷ்வேடகோனுக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்து காளி கோவிலிலும் விளக்கு ஏற்றுகிறவர்கள்தானே நிறைய. அதைத் தனியாக விளக்கவில்லை, அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிற விதத்திலேயே காட்டியிருக்கிறார்.

அவனுக்கு அவளுடைய பர்மியப் பெயர் மட்டும்தான் தெரியும், பாதி நாவல் வரைக்கும். வீட்டுப் பெயரை அவன் எப்படித் தெரிந்துகொள்கிறான், முதல்முதலாக எப்போது அந்தப் பெயரால் கூப்பிடுகிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன். முத்தக் காட்சிகளை விட அந்த ஒரு கூப்பிடல் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. வீட்டில் அம்மாவின் எதிர்ப்பையும் நன்றாகவே கையாண்டிருக்கிறார். வழக்கமான மதச் சண்டையாக எழுதியிருந்தால் எரிச்சல் வந்திருக்கும், நம்ம தமிழரிலேயே எத்தனை பேர் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். அம்மாவின் பயம் வேறு: இவன் மேல் பர்மாக்காரன், வேலை முடிந்ததும் மூ ஆற்றுப் பக்கம் போய்விடுவான், பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். கப்பலேறிப் போனவர்களை வழியனுப்பி வைத்த குடும்பத்தில் அந்தப் பயம் எவ்வளவு ஆழமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்தால் நாவலுக்கு நான் மரியாதை செய்ததாகாது.

கடைசி மூன்றில் ஒரு பங்கு இறங்கிப்போகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் துப்பாக்கி ஆட்களோடு வருகிறார், அதுவரைக்கும் சேறும் நீரோட்டமும் அனுமதிச் சீட்டுமாக இருந்த ஆபத்து திடீரென்று சினிமா ஆபத்தாகிவிடுகிறது. அதைவிட எனக்கு வருத்தம், அந்தப் பகுதியில் நாயகி கட்டிப்போடப்பட்டு, காப்பாற்றப்படக் காத்திருக்கிறாள். ஆற்றை விரல் நுனியில் வைத்திருந்தவள், இரவில் விளக்கே இல்லாமல் படகு ஓட்டியவள். இரண்டு அத்தியாயம் அவளுக்கு ஒரு யோசனைகூட வருவதில்லை. எழுதியவர் தன் நாயகியை நம்பியிருந்தால் இந்த இடத்தை வேறு மாதிரி முடித்திருப்பார்.

அப்புறம் ஒரு முக்கியமான இடத்தில் அவன் ஆற்றடியில் கை விளக்கைப் பிடித்து ஓர் எழுத்து வரிசையைப் பார்க்கிறான். ரங்கூன் ஆற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு பார்த்தவர்கள்கூட இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் ஓடுகிற அந்தத் தண்ணீருக்குள் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது, இறங்குகிறவர்கள் தடவித் தடவித்தான் வேலை செய்ய வேண்டும். இதே நாவலின் முன்பாதியில் அவன் அப்படித் தடவி வேலை செய்கிற காட்சி அவ்வளவு நன்றாக இருக்கிறது, ஒரு பழைய பலகையின் விளிம்பைக் கையுறை இல்லாமல் விரலால் அளக்கிறான். அந்த எழுத்துகளையும் அவன் விரலாலேயே படித்திருக்கலாமே, இன்னும் எவ்வளவு பலமாக இருந்திருக்கும்.

இன்னொன்று, தெ பிரித்தோ வருகிற பழைய கால அத்தியாயத்தில் அவர் தன்லினில் உள்ள அந்தச் செங்கல் தேவாலயத்தில் மண்டியிட்டு ஜெபம் செய்வதாக எழுதியிருக்கிறார். இன்று நாம் போய்ப் பார்க்கிற அந்தச் சிதைந்த தேவாலயம் 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், தெ பிரித்தோ செத்து நூறு வருஷத்துக்கு மேலான பிறகு வந்தது. ஊரில் எல்லோரும் போர்த்துகீசியத் தேவாலயம் என்று சொல்வதால் வந்த குழப்பமாக இருக்கலாம், ஆனால் ஆற்றின் விஷயத்தில் இவ்வளவு கவனமாக இருந்தவர் இதையும் சரிபார்த்திருக்கலாம். தன்லின்காரர்கள் படிக்கும்போது உடனே கண்ணில் படும்.

மற்றபடி பழைய கால அத்தியாயங்கள் குறைவு, அவை இல்லாவிட்டாலும் கதை நிற்கும். யானைகள் மணியை இழுக்கிற பக்கங்கள் மட்டும் நன்று.

நடை பற்றி: எளிமையான தமிழ், பேச்சில் நம்ம ஊர் வாடை அடிக்கிறது. மொஹிங்கா, அத்தோ, லபெத்தோ என்று நம்ம ஊர்ச் சாப்பாடெல்லாம் விளக்கம் இல்லாமல் அதனதன் இடத்தில் வருகின்றன, அது எனக்குச் சந்தோஷம். சென்னையில் படிக்கிறவர்களுக்கு முதல் சில பக்கங்கள் கொஞ்சம் புதிதாக இருக்கும், பிறகு பழகிவிடும். பெரியவர்களை அவள் கூப்பிடுகிற முறையும் சரியாக இருக்கிறது, தமிழ்ப் பெரியவர் என்றால் ஐயா, மாமா, பர்மியப் பெரியவர் என்றால் ஊ சேர்த்து, ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் மாறி மாறி வரும், நாம் பேசுகிற மாதிரியே.

அச்சுப் புத்தகம் இங்கே கடையில் கிடைக்காது, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லித்தான் வாங்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. மின்னூலாகவும் இருக்கிறது, கரண்ட் இல்லாத இரவுகளில் போனில் படிக்க அதுதான் வசதி. ஆனால் மின்னூலில் ஊர்ப் பெயர்கள் ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரியும் இருக்கின்றன, பஸுண்டாங்கை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். அச்சில் எழுத்து மிகவும் சிறிசு, வயசானவர்கள் சிரமப்படுவார்கள். எல்லாவற்றையும் விட, ஒரு வரைபடம் போடாமல் விட்டது பெரிய குறை. இரண்டு ஆறும் ஓடையும் சேருகிற இடத்தைச் சுற்றியே முழுக் கதையும் நடக்கிறது, ரங்கூனைத் தெரியாதவர்கள் எந்தக் கரை எந்தப் பக்கம் என்று தடுமாறுவார்கள். அந்தக் காலத்துக் கரையும் இன்றைய கரையும் ஒன்றில்லை என்பது கதையின் முக்கியமான திருப்பம் வேறு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுகிற ஒரு பக்கப் படம் போதும்.

யார் படிக்கலாம் என்று கேட்டால், காதல் கதை மட்டும் வேண்டும் என்பவர்கள் முதல் நாற்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள், சாகசம் மட்டும் வேண்டும் என்பவர்கள் கடைசிச் சண்டையை எதிர்பார்த்து வாங்காதீர்கள், ஆற்றுக்காக வாங்குங்கள். பர்மாத் தமிழர் யாராக இருந்தாலும் கண்டிப்பாக வாங்குங்கள்.

பதிப்பகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அறுபதுகளில் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்திடம் போன பிறகு, இங்கே இரண்டு தலைமுறைக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. கோவிலில் நடக்கும் வகுப்பில் கற்றுக்கொண்டவர்கள்கூட நானூறு பக்கத்தைப் படித்து முடிக்க மாட்டார்கள். இந்தக் கதையில் வருகிற ஆட்கள் அவர்கள்தான். தயவுசெய்து ஒலிப்புத்தகமாகக் கொண்டுவாருங்கள். படிப்பதற்கு ரங்கூன் பேச்சு வருகிற ஒருவரையே வையுங்கள், தன்லினிலேயே ஆள் கிடைக்கும்.